பாறைப் பாதைக்குக் குழுவாகப் பயிற்சி: ஏற்பாடு செய்பவருக்குச் சில யோசனைகள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: மண், மணல், சேறு என்று ஓரளவு ஓட்டிப் பழகிய 12 பேர், ஆளுக்கொரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி. எல்லோரையும் ஒரு நாளில் பாறைப் பாதைக்குத் தயார்படுத்த வேண்டும். பயிற்றுநர் எத்தனை பேர், எப்படிப்பட்ட பாதை, எதைச் சொல்லிக்கொடுப்பது, கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

முதலில் ஒரு கணக்குப் போட்டுவிடலாம். ஒரு பாறைத் தடையை ஒரு வண்டி கடக்க, இறங்கிப் பார்ப்பது, வழியைத் தேர்ந்தெடுப்பது, ஏறுவது, ஒருமுறை பின்வாங்கி மறுபடி முயல்வது எல்லாம் சேர்த்து 10 நிமிடம் என்று வையுங்கள். 12 வண்டிக்கு 2 மணி நேரம். அதில் ஒவ்வொருவரும் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது 10 நிமிடம். மீதி 110 நிமிடமும் நிழல் தேடி நிற்க வேண்டியதுதான். நான்கு தடை வைத்தால் பொழுது சாய்ந்துவிடும். இந்தக் கணக்கைப் போடாமல் பாதையையும் மதிய உணவையும் மட்டும் திட்டமிடுவதால்தான் பல குழுப் பயிற்சிகள் ஊர்வலமாகிவிடுகின்றன. என் கருத்தில் ஏற்பாட்டாளரின் முதல் வேலை, காத்திருக்கும் அந்த 110 நிமிடத்தில் யார் எங்கே நின்று என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்வது. பாறையில் கற்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் வண்டிக்கு வெளியே நின்றுதான் கற்க முடியும். ஆகவே அது வீணாகும் நேரமில்லை, வீணாக்காமல் இருந்தால்.

12 வண்டியையும் ஒரே வரிசையில் விடாதீர்கள். ஆறு ஆறாகப் பிரித்து, குழுவுக்கு இரண்டு பயிற்றுநர் வையுங்கள். ஒருவர் தடையில் நிற்பார், இன்னொருவர் வரிசையைப் பார்த்துக்கொள்வார். நான்கு பயிற்றுநர் கிடைக்கவில்லையென்றால் ஒரு குழுவுக்கு இந்த வாரம், இன்னொன்றுக்கு அடுத்த வாரம் என்று வைத்துக்கொள்வது மேல். பயிற்றுநர் நன்றாக ஓட்டத் தெரிந்தவராக இருந்தால் மட்டும் போதாது. அருமையாக ஓட்டும் சிலருக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லத் தெரியாது. 'அப்படியே மெதுவா விடுங்க, ஏறிடும்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒருவரைப் பயிற்றுநராக அழைக்கும் முன் அவர் இன்னொருவரின் வண்டியை வெளியே நின்று வழிநடத்துவதை ஒருமுறை பாருங்கள். அவர் குரல் உயர்கிறதா, ஓட்டுபவர் தயங்கும்போது காத்திருக்கிறாரா, கதவைத் திறந்து 'நகருங்க, நானே ஏத்திக் காட்டுறேன்' என்கிறாரா? கடைசியாகச் சொன்ன பழக்கம் உள்ளவரை, அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், மாட்டிய வண்டியை மீட்கும் ரெக்கவரி உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

பாதை நீளமாக இருக்கத் தேவையில்லை. கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாதை மொத்தமே 35 கி.மீ. அளவுதான்; அதைக் கடக்கப் பல குழுக்கள் இரண்டு நாள் எடுத்துக்கொள்கின்றன. பாறையில் தூரம் அப்படித்தான் அளக்கப்படும். பயிற்சிக்கு அரை கிலோமீட்டருக்குள் தரம் வேறுபட்ட மூன்று நான்கு தடைகள் இருந்தால் போதும். ஒவ்வொன்றையும் சுற்றிப்போக ஒரு மாற்று வழி இருப்பது முக்கியம். சுற்றிப்போக வழியில்லாத தடையில் பயந்தவரும் ஏறித்தான் ஆக வேண்டும். அங்கே பயிற்சி முடிந்து பிடிவாதம் தொடங்குகிறது. பாதையைப் பயிற்சிக்கு முந்தைய இரண்டு மூன்று நாளுக்குள் நடந்தே பாருங்கள். ஒரு மழை பெய்தால் கற்களுக்கு இடையில் இருந்த மண் அடித்துப் போய், முழங்கால் உயரப் படி இடுப்பு உயரமாகிவிடும்.

பாறையின் வகையையும் கவனியுங்கள். காய்ந்த மணற்பாறை டயரை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவின் மோவாப் பகுதியில் நம்ப முடியாத சரிவுகளில் வண்டிகள் ஏறுவதற்கு அந்தப் பிடிப்பு ஒரு முக்கியக் காரணம். ஆற்றங்கரை உருண்டைக் கற்கள் அதற்கு நேர் எதிர்: உருளும், நகரும், டயருக்கு அடியிலிருந்து பின்னால் தெறிக்கும். பாசி படிந்த ஈரப் பாறையில் எந்த டயரும் எடுபடாது. முதல் பயிற்சிக்கு அசையாத, காய்ந்த பாறைதான் சரி. மழை வந்தால் தள்ளிவைப்போம் என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். அன்று காலையில் 12 பேரோடு நின்று விவாதித்தால் கிளம்பலாம் என்ற பக்கம்தான் எப்போதும் ஜெயிக்கும்.

வண்டிகள். லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கூடுதல் கியர் நிலை) இல்லாத வண்டியைப் பாறைப் பயிற்சியில் சேர்க்காதீர்கள். மனவருத்தம் வந்தாலும் பரவாயில்லை. அவரை ஸ்பாட்டராக, அதாவது வெளியே நின்று வழிகாட்டுபவராக வரச் சொல்லுங்கள், நிறையக் கற்பார். லோ ரேஞ்ச் உள்ள வண்டிகளிலும் வித்தியாசம் பெரியது. முதல் கியர் விகிதம், லோ ரேஞ்ச் விகிதம், ஆக்சில் விகிதம் மூன்றையும் பெருக்கினால் வருவது தவழும் விகிதம். இப்போதைய சுசூகி ஜிம்னி மேனுவலில் அது ஏறக்குறைய 36. ஆக்சில் விகிதம் 4.10 உள்ள மேனுவல் ஜீப் ராங்ளர் ரூபிகானில் 84. எஞ்சின் 800 சுற்றில் சும்மா ஓடும்போது முதலாவது மணிக்குச் சுமார் 3 கி.மீ. வேகத்தில் போகும், இரண்டாவது ஒன்றரை கி.மீ.யில் ஊரும். ஒரே பாறையில் இரண்டு பேருக்கும் ஒரே அறிவுரை சொன்னால் ஒருவருக்குத் தவறாகத்தான் இருக்கும். ரூபிகான்காரர் காலை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஜிம்னிக்காரர் இறக்கங்களில் பிரேக்கைச் சேர்த்தே ஆக வேண்டும். பதிவுப் படிவத்தில் வண்டியின் பெயரோடு கியர்பாக்ஸ் வகையையும் டயர் அளவையும் கேட்டு வாங்கி வையுங்கள். குழு பிரிக்கும்போது உதவும்.

வண்டியை உயர்த்திக் கட்டியிருக்க வேண்டுமா என்று யாராவது கேட்பார்கள். முதல் பயிற்சிக்கு வேண்டாம். ஆனால் கதவுக்குக் கீழே கால் வைத்து ஏற மாட்டியிருக்கும் படிக்கட்டைக் கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். பாறை அதை மேலே மடக்கினால் கதவு திறக்காது. உயரத்துக்குச் செலவழிப்பதற்கு முன் கதவடிப் பகுதியைக் காக்கும் கனமான ஸ்லைடர் போடுவதே புத்திசாலித்தனம். மற்றபடி கட்டாயம் பார்க்க வேண்டியவை: சேசிஸில் போல்ட் செய்த இழுவைக் கொக்கி முன்னும் பின்னும், முழு அளவு ஸ்டெப்னி, டயர் பக்கச்சுவரில் வெட்டு இல்லாமை, ஆடாத பேட்டரி, பிரேக் ஹோஸ், சீட் பெல்ட். லோ ரேஞ்ச் விழுகிறதா என்று அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வாங்கியதிலிருந்து அந்த லிவரைத் தொடாதவர்கள் நிறையப் பேர். சில வண்டியில் அது இறுகிப்போய் இருக்கும். உள்ளே ஜாக்கி, தண்ணீர் கேன், கருவிப்பெட்டி எதுவும் கட்டாமல் இருக்கக் கூடாது. கூரை கேரியர் காலியாக வரட்டும். சிறுவர்களைப் பயிற்சி நாளில் வண்டிக்குள் ஏற்ற வேண்டாம்.

காலைப் பேச்சை அரை மணி நேரத்தில் முடியுங்கள். அதற்குப் பதிலாக எல்லோரையும் தங்கள் வண்டிக்கு அடியில் படுக்க வையுங்கள். பலருக்கு இதுதான் அன்றைய நாளில் கிடைக்கும் முதல் அதிர்ச்சி. முன் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) உருண்டை நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருப்பதை அப்போதுதான் பார்ப்பார்கள். பெட்ரோல் டேங்க் எந்தப் பக்கம், அதற்குக் காப்புத் தகடு இருக்கிறதா, சைலன்சர் குழாய் எங்கே தாழ்கிறது, ஷாக் அப்சார்பரின் கீழ் முனை எவ்வளவு கீழே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொருவரும் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் நான்கு சக்கரத்தையும் வரைந்து தாழ்ந்த இடங்களைக் குறிக்கட்டும். அந்தத் தாள் டாஷ்போர்டில் இருக்க வேண்டும். 'உருண்டை வலப்பக்கம், அதனால் கல்லை இடப்பக்கம் விடணும்' என்று அவர்களாகவே சொல்லத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து டயர் காற்று. சாலையில் 32, 35 பி.எஸ்.ஐ. இருப்பதைப் பாறைக்கு 18 முதல் 22 வரை இறக்கலாம். டயர் கல்லின் மேல் அப்பிக்கொள்ளும், வண்டி குதிப்பது குறையும். இன்னும் இறக்கினால் இன்னும் நல்லதுதானே என்று ஒருவர் 12-க்குப் போவார். சாதாரண ரிம்மில் 15-க்குக் கீழே போனால் பக்கவாட்டு அழுத்தத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ள வாய்ப்பு அதிகம். கூரான கற்கள் நிறைந்த இடமென்றால் மிகவும் இறக்காதீர்கள். காற்று குறையும்போது பக்கச்சுவர் வெளியே பிதுங்கும், வெட்டுப்படுவதும் அங்கேதான், அந்த வெட்டைப் பிளக் வைத்துச் சரிசெய்யவும் முடியாது. எல்லோரும் ஒரே கேஜில் அளக்க வேண்டும். இரண்டு கேஜ் ஒத்துப்போவது அபூர்வம்.

பாறைக்குப் போவதற்கு முன் சமதளத்தில் ஒரு மணி நேரம். இதைத் தவிர்க்கச் சொல்லி நெருக்குவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். அசையாத ஒரு கட்டையையோ தட்டைக் கல்லையோ, 15 முதல் 20 செ.மீ. உயரம், போட்டுவையுங்கள். பயிற்சி இவ்வளவுதான்: ஒரு முன் சக்கரத்தை மட்டும் அதன் மேல் ஏற்றி, உச்சியிலேயே நிறுத்தி, மூன்று எண்ணி, அந்தப் பக்கம் சத்தமில்லாமல் இறக்க வேண்டும். பத்தில் எட்டுப் பேர் ஏறிவிடுவார்கள். உச்சியில் நிறுத்துவது சிலரால்தான் முடியும். இறங்கும்போது சக்கரம் 'தொப்' என்று விழுந்தால் மறுபடி. உண்மையான பாறையில் அந்த 'தொப்'தான் டிஃபரன்ஷியலைக் கல்லில் உட்கார வைக்கிறது, ஆக்சிலை முறிக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டியில் இடது கால் பிரேக்கிலும் வலது கால் ஆக்சிலரேட்டரிலும் இருக்கட்டும். ஆக்சிலரேட்டரை லேசாக ஒரே அளவில் பிடித்துக்கொண்டு, வேகத்தைப் பிரேக்காலேயே கட்டுப்படுத்துவது. மேனுவலில் கிளட்சிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிட வேண்டும். அரை கிளட்சில் பாறை ஏறுபவரின் வண்டியிலிருந்து மதியத்துக்குள் கருகிய வாடை வரும். கட்டை விரல்களை ஸ்டியரிங்குக்கு உள்ளே கோர்க்காமல் விளிம்பின் மேலேயே வைக்கப் பழக்குங்கள். சக்கரம் கல்லில் மோதும்போது ஸ்டியரிங் சுழன்று விரலை முறிக்கும், பழைய வண்டிகளில் குறிப்பாக.

இப்போது வழி தேர்ந்தெடுப்பது. சாலையில் ஓட்டியவர் கல்லைக் கண்டால் அதை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுத் தாண்டப் பார்ப்பார். பாறையில் பெரும்பாலும் டயரைக் கல்லின் மேல்தான் ஏற்ற வேண்டும். டயர் ஏறினால் வண்டியின் வயிறும் உயரும். அதைவிடப் புரியவைக்கச் சிரமமானது பின் சக்கரம். வளையும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்னே ஒழுங்காகத் தாண்டிய கல்லில் பின்னே மாட்டிக்கொள்வது இதனால்தான். இதற்கு ஒரு சாக்பீஸ் போதும். வண்டி தடையில் ஏறுவதற்கு முன், காத்திருக்கும் ஒவ்வொருவரும் உள்பக்கப் பின் டயர் எந்த இடத்தில் பதியும் என்று பாறையில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தங்கள் பெயரின் முதல் எழுத்தை எழுத வேண்டும். பிறகு எல்லோரும் விலகி நின்று பார்ப்பது. முதல் வண்டிக்கு எல்லாக் கோடும் வெளிப்பக்கமாகத் தள்ளியே இருக்கும், சிலது ஒரு முழம் அளவுக்கு. நான்காவது வண்டிக்குள் கோடுகள் நெருங்கி வந்துவிடும். சக்கர இடைவெளி நீண்ட வண்டி வந்ததும் மறுபடி எல்லோரும் தவறுவார்கள். அது எதனால் என்பதை அவர்களே சொல்லட்டும். சாக்பீஸ் கோட்டைப் பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

அன்றைய நாளில் நீங்கள் அதிகம் செலவிட வேண்டியது ஸ்பாட்டர் பயிற்சியில். ஓட்டுபவருக்குத் தன் முன் டயர்கூடத் தெரியாது. வெளியே நிற்பவரின் கைதான் அவருக்குக் கண். எனவே ஒரு வண்டிக்கு ஒரே ஸ்பாட்டர். சுற்றி நிற்கும் ஐந்து பேரும் 'லெஃப்ட், லெஃப்ட்' என்று கத்தினால் ஓட்டுபவர் யாருடைய பேச்சைக் கேட்பார்? பேசும் உரிமை ஒருவருக்கு மட்டும். ஒரே விதிவிலக்கு 'நில்'. அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொன்ன கணமே வண்டி நிற்க வேண்டும், காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

எதிரே நிற்பவரின் இடது, ஓட்டுபவரின் வலது. பதற்றத்தில் இது கண்டிப்பாகக் குழம்பும். அதனால் இடது வலது என்ற சொற்களையே அன்று தடை செய்துவிடுவது நல்லது. 'டிரைவர் பக்கம்', 'அடுத்த பக்கம்' என்று சொல்லலாம். அதைவிட நல்லது வாயை மூடிக்கொண்டு கையைக் காட்டுவது: சக்கரம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கம் முழுக் கையும் நீளட்டும், உள்ளங்கை இரண்டையும் தன்னை நோக்கி அசைத்தால் வா, மடக்கிய முஷ்டியை உயர்த்தினால் நில். எந்தச் சைகையானாலும் சரி, காலையிலேயே எல்லோருக்கும் ஒன்றாக முடிவு செய்துவிட வேண்டும். இடுப்புக்குக் கீழே விரலை அசைக்கும் சைகை பானெட்டுக்கு மேல் தெரியாது. ஸ்பாட்டரின் பார்வை டயரிலும் வண்டியின் வயிற்றிலும் இருக்க வேண்டும். ஓட்டுபவரின் பார்வை ஸ்பாட்டர் மீது மட்டும். அவர் கண்ணிலிருந்து ஸ்பாட்டர் மறைந்தால் வண்டி நின்றுவிட வேண்டும், இது பேச்சுக்கே இடமில்லாத விதி.

ஸ்பாட்டர் நிற்கும் இடம் உயிர் சம்பந்தப்பட்டது. வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் நிற்கக் கூடாது. இறக்கத்தில் வண்டிக்கு நேர் கீழே நிற்கக் கூடாது. பின்பக்கமாக நடந்துகொண்டே வழிகாட்டக் கூடாது. பாறையில் கால் இடறி விழுந்தால் மேலே வருவது இரண்டு டன். இடம் மாற வேண்டுமென்றால் 'நில்' காட்டி, திரும்பி, பார்த்து நடந்து, புது இடத்தில் நின்ற பிறகு 'வா'. சாய்ந்த வண்டியைத் தோள் கொடுத்துத் தாங்கப் போகும் ஆர்வக்காரர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவரைக் காலையிலேயே கண்டுபிடித்துத் தனியாகப் பேசிவிடுங்கள். ஓட்டுபவருக்கும் ஓர் உரிமை உண்டு: ஸ்பாட்டர் சொல்வது சரியாகப் படவில்லையென்றால் நிறுத்தி, இறங்கிப் பார்க்கலாம். முடிவில் ஸ்டியரிங் அவர் கையில்.

ஆறு பேர் குழுவில் சுழற்சியை இப்படி வைத்துப் பாருங்கள். முதல் வண்டி தடையில் இருக்கும்போது இரண்டாவது வண்டிக்காரர் ஸ்பாட்டர், பக்கத்தில் பயிற்றுநர். மூன்றாமவர் பக்கவாட்டில் தள்ளி நின்று வயிற்றுப் பகுதியை மட்டும் பார்த்து, எது எங்கே இடித்தது என்று பிறகு சொல்ல வேண்டும். நான்காமவர் கையில் ரெக்கவரி பொருட்கள். இந்த வண்டி இப்போதே மாட்டினால் எங்கிருந்து, எதைக் கொண்டு இழுப்போம் என்று அவர் பதில் வைத்திருக்க வேண்டும். ஐந்தாமவரும் ஆறாமவரும் சாக்பீஸோடு. ஒரு வண்டி கடந்ததும் எல்லோரும் ஓர் இடம் நகர்வது, கடந்தவர் வால் பக்கம் வருவது. யாருக்கும் கைப்பேசியை எடுக்க நேரமிருக்காது. ஸ்பாட்டராக நின்றவர் உடனே அடுத்து ஓட்டுவதால், மற்றவருக்குச் சொன்னதைத் தானே செய்ய வேண்டிய நிலை வரும்; பயிற்றுநர் பத்து முறை சொல்வதைவிட அது வேலை செய்யும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: சரிவில் நிறுத்தி இறங்கும் ஒவ்வொரு வண்டிக்கும் கைப்பிரேக், கியர், சக்கரத்துக்கு அடியில் கல், மூன்றும்.

தடைக்கும் தடைக்கும் நடுவில் வரிசையாகப் போகும்போது முன்னே ஒரு பயிற்றுநர், வாலில் இன்னொருவர். அனுபவம் குறைந்தவரை முன்னால் போகும் பயிற்றுநருக்கு அடுத்து வையுங்கள். பின்னால் விட்டால் அவசரப்பட்டுத் துரத்துவார். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பு. கண்ணாடியில் அது தெரியவில்லையென்றால் நிற்பது, அவ்வளவே. தடையில் ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான். முன்னது கடந்து சமதளத்தில் நின்ற பிறகே அடுத்தது. ரேடியோ இருந்தால் நல்லது, உங்கள் நாட்டில் அதற்கு உரிமம் தேவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு சுற்றும்போது வண்டி நகராமல் நிற்பதைப் பார்த்து எல்லோரும் ஆக்சிலரேட்டரை மிதிப்பார்கள். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் சம அளவு முறுக்குவிசைதான் கொடுக்கும். தூக்கிய சக்கரத்தைச் சுற்ற விசையே தேவையில்லை, அதனால் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் விசை போகாது. டிஃப் லாக் இருந்தால் போடலாம். அது இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும், ஆனால் வண்டி திரும்ப மறுக்கும். தடை தாண்டியதும் எடுத்துவிட வேண்டும். லாக் இல்லாமல் பிரேக் மூலம் வேலை செய்யும் டிராக்ஷன் கன்ட்ரோல் உள்ள வண்டியில், சக்கரம் சுற்றத் தொடங்கியதும் பயந்து காலை எடுப்பதுதான் பொதுவான தவறு. சீராக லேசான ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று வினாடி பொறுத்தால், அது சுற்றும் சக்கரத்தைப் பிடித்து விசையை மறுபக்கம் அனுப்பும். 'கடகட' என்று சத்தம் வரும், உடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இதைக் கவலையில்லாத ஓர் இடத்தில், ஒரு சக்கரம் மட்டும் தூக்கும்படி குழி பார்த்து நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் காட்டிவிடுங்கள்.

ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் திருப்ப முயலக் கூடாது. பிரேக்கைப் பிடித்து, ரிவர்ஸ் கியரில் போட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து, வந்த வழியே எஞ்சின் பிடியில் இறங்க வேண்டும். பாதி ஏற்றத்தில் குறுக்கே திருப்புவதுதான் வண்டி உருளுவதற்கான நேர்வழி. தோற்ற ஏற்றத்திலிருந்து இறங்குவதை, ஏறுவதற்கு முன்பே, ஒரு சிறிய மேட்டில் எல்லோரும் செய்து பழகட்டும்.

ரெக்கவரிக்கு வருவோம். மணலிலும் சேற்றிலும் பழகியவர்கள் முதலில் கையில் எடுப்பது நீளும் கயிறு. நைலான் கயிறு 20, 30 சதவீதம் வரை நீண்டு, சுருங்கும்போது வண்டியை உருவி எடுக்கும். சேற்றில் அருமையான பொருள். பாறையில் மாட்டிய வண்டிக்கு அதைப் பெரும்பாலும் பயன்படுத்தக் கூடாது. ஆக்சிலோ சேசிஸோ ஒரு கல்லின் மேல் கொக்கி போட்டு உட்கார்ந்திருக்கும்போது வெடுக்கென்று இழுத்தால், கல் நகராது. உடைவது இழுவைக் கொக்கியோ ஆக்சிலோதான். உடைந்த இரும்புத் துண்டு அந்தக் கயிறு சேமித்து வைத்த மொத்த விசையோடும் பறக்கும். டிரெய்லர் இழுக்கும் உருண்டைக் கொக்கியில் கயிற்றை மாட்டி, அது முறிந்து பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அதைத் தொடவே கூடாது என்று எல்லோரிடமும் சொல்லுங்கள்.

பாறையில் முதல் வழி பெரும்பாலும் ஜாக்கியும் கல்லும். மாட்டிய பக்கத்தைத் தூக்கி, டயருக்கு அடியில் தட்டைக் கற்களைச் சாய்தளமாக அடுக்கி, இறக்கி, மெல்ல ஓட்டி வெளியே வருவது. 15 நிமிடம் ஆகும், ஒன்றும் உடையாது. அடுக்கும்போது கையை டயருக்கு அடியில் விடாமல் கல்லை ஒரு கட்டையால் தள்ளிச் செருகுங்கள். உயரமான ஹை-லிஃப்ட் ஜாக்கி இருந்தால் அதன் கைப்பிடிக்கு நேரே தாடையை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள். நழுவினால் கைப்பிடி சுத்தியல்போல் திரும்பி அடிக்கும். அடுத்த வழி விஞ்ச், அதாவது வண்டியில் பொருத்திய, கயிற்றைச் சுற்றி இழுக்கும் இயந்திரம், நிதானமாக. விஞ்சின் மேல் எழுதியிருக்கும் இழுவிசை, டிரம்மில் கடைசி ஓர் அடுக்குக் கயிறு மட்டும் மிச்சமிருக்கும்போது கிடைப்பது; கயிறு அதிகம் சுற்றியிருக்கச் சுற்றியிருக்கக் குறையும். ஒரு கப்பியைச் சேர்த்து கயிற்றைத் திருப்பிக் கட்டினால் விசை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். பாறையில் இரண்டுமே நமக்கு வேண்டியவை. செயற்கை இழைக் கயிறு இலகுவானது, அறுந்தால் இரும்புக் கம்பியளவு சாடாது, ஆனால் கூரான பாறை விளிம்பில் உரசினால் சீக்கிரம் நைந்துவிடும். உரசும் இடத்தில் உறை போடுங்கள். கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் ஷேக்கிள் வளையத்தில் தாங்கும் எடை பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். முக்கால் அங்குல வில் ஷேக்கிளில் 4.75 டன் என்று இருக்கும். எண் இல்லாததைப் பெட்டியிலிருந்தே வெளியேற்றிவிடலாம். இழுக்கும்போது கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. இரண்டு வண்டி ஓட்டுநரைத் தவிர வண்டிக்குள்ளும் யாரும் வேண்டாம். கட்டளை கொடுப்பவர் இங்கேயும் ஒருவரே.

யாரும் மாட்டாவிட்டாலும் மதியத்துக்குப் பிறகு வேண்டுமென்றே ஒரு வண்டியை ஆபத்தில்லாத கல்லில் உட்கார வைத்து, குழுவே அதை எடுக்கட்டும். பயிற்றுநர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும், தவறான இடத்தில் யாராவது கால் வைக்கும்வரை.

மீதி விஷயங்கள் எளியவை, ஆனால் எழுதி வைக்க வேண்டியவை. அருகில் உள்ள மருத்துவமனைக்கு எந்த வழி, எவ்வளவு நேரம், வழியில் கைப்பேசி சிக்னல் எங்கே கிடைக்கும் என்று ஒரு தாளில். முதலுதவி தெரிந்த இருவராவது, இருவரும் ஒரே வண்டியில் இல்லாமல். குழுவுக்கு இரண்டு தீயணைப்பான். காய்ந்த புல் மேல் சூடான சைலன்சர் நிற்கும்போதுதான் அது தேவைப்படும். டிஃபரன்ஷியல் உடைந்தால் ஆயிலைப் பிடிக்க ஒரு தட்டும் உறிஞ்சும் துணியும். நிலத்துக்குச் சொந்தக்காரரிடமோ உரிய அலுவலகத்திடமோ அனுமதி எழுத்தில். பல வாகனக் காப்பீடுகள் சாலைக்கு வெளியே நடக்கும் சேதத்தை ஏற்பதில்லை, ஒவ்வொருவரும் தங்கள் பாலிசியைப் படித்துவிட்டு வரட்டும். கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவம் நல்லதுதான். ஆனால் ஏற்பாட்டாளரின் கவனக்குறைவுக்கு அது கவசமாகும் என்று நம்பியிருக்காதீர்கள். அடுக்கிய கற்களைக் கிளம்பும் முன் கலைத்துப் பழைய இடத்தில் போடுங்கள். தடை கடினம் என்று பக்கத்துச் செடிகளின் மேல் ஏறிப் புதுத் தடம் போடுபவரை அன்றே திருப்பி அனுப்பிவிடலாம்.

முடிக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். சிறிய கம்ப்ரஸரில் ஒரு டயருக்கு 4, 5 நிமிடம் ஆனாலும் ஒரு வண்டிக்கு 20 நிமிடம். 12 வண்டிக்கு ஒரே கம்ப்ரஸர் என்றால் இருட்டிவிடும், அது சூடேறி நடுவில் நின்றும் போகும். குழுவுக்கு இரண்டு கம்ப்ரஸராவது வேண்டும். காற்று ஏறும் அந்த நேரத்தில் எல்லோரும் மறுபடி வண்டிக்கு அடியில் படுத்து, காலையில் வரைந்த தாளை வைத்துக்கொண்டு எங்கே புதிதாகச் சிராய்த்திருக்கிறது, ஆயில் கசிகிறதா, பிரேக் ஹோஸ் நசுங்கியிருக்கிறதா, டயரின் உள்பக்கச் சுவரில் வெட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் எல்லோரும் பார்ப்பார்கள், உள்பக்கத்தை மறந்துவிடுவார்கள். சாலையில் ஏறி 50 கி.மீ. போனதும் நிறுத்தி வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள்; ஸ்டியரிங் அதிர்ந்தால் பெரும்பாலும் ரிம்முக்குள் ஒட்டிக் காய்ந்த சேறாக இருக்கும், ஆனாலும் இறங்கிப் பார்த்துவிட்டே ஓட்டட்டும்.